பங்குனியில் பூக்கும் காடு: புதுவையிலிருந்து ஒரு நாள் நடை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பூ என்றால் காகிதப்பூவைத்தான் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவர்களில் அது கொத்துக் கொத்தாகத் தொங்குவது அழகுதான். ஆனால் காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்த கொடி. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வீல் 18-ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிவந்த பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் அதைக் கண்டெடுத்து, தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். புதுச்சேரியின் அரசு மலரான நாகலிங்கப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கரைக்கே சொந்தமான பூக்கள் வேறு. அவை நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் பூக்கின்றன. அவற்றைத் தேடிப் போகும் ஒரு நாள் நடைக்கு இந்த அத்தியாயம் வழி சொல்கிறது. மலையேற்றம் கிடையாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். நிதானமாக நடக்கவும், நின்று பார்க்கவும், அண்ணாந்து பார்க்கவும் மனம் இருந்தால் போதும்.

எப்போது போவது

மார்ச் மாதத்தின் பின்பாதி, அதாவது பங்குனியின் முதல் இரண்டு வாரம்தான் சரியான காலம்.

வசந்தம் என்றதும் புல்வெளி முழுக்கப் பூ விரிந்திருக்கும் காட்சியை எதிர்பார்த்து இங்கே வரக்கூடாது. அது குளிர்நாடுகளின் வசந்தம். அங்கே பனி உருகியதும் மண்ணிலிருந்து செடிகள் எழுந்து பூக்கின்றன. நம் கரையில் கணக்கு வேறு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தில் முளைத்த தும்பை, பூளை, விஷ்ணுகிராந்தி போன்ற சிறு செடிகள் மார்கழி, தை மாதங்களில் பூத்து முடிக்கும். மாசிக்குப் பிறகு தரை காய்ந்துபோகும். அப்போதுதான் மரங்களும் பெருங்கொடிகளும் பூக்கத் தொடங்கும்.

வறட்சிக் காலத்தில் மரம் பூப்பதற்குக் காரணம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பூத்தால், கோடையில் காய் பிடித்துப் பழுத்து, அடுத்த மழைக்குள் விதை மண்ணில் விழுந்திருக்கும். வெயிலில் காய்ந்து நிற்கும் காடு அடுத்த மழைக்கு இப்போதே வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பூவுக்கும் பொருள் கிடைக்கும்.

முன்னே பின்னே போக நேர்ந்தால் பூக்கள் மாறும். பிப்ரவரி கடைசியில் அழிஞ்சில் முந்திக்கொள்ளும். சித்திரை பிறந்தபின் போனால் சரக்கொன்றையும் வேப்பம்பூவும் கிடைக்கும். ஆனால் வெயில் தாங்காது. ஆடி மாதம் கோயிலில் கூட்டம் நெரியும். காட்டைப் பார்க்க அது ஏற்ற காலம் அல்ல.

ஏன் இந்தக் காடு

சோழமண்டலக் கரையோரம் இராமநாதபுரத்திலிருந்து ஆந்திரம் வரை ஒரு காலத்தில் நீண்டிருந்த காடு இது. தாவரவியலாளர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஆண்டில் பாதிக்கு மேல் மழை இல்லாத இடத்தில் பசுமை மாறாமல் ஒரு காடு நிற்பது உலகில் பரவலாகக் காணக்கூடியது அல்ல. மரங்கள் உயரமானவை அல்ல. பெரும்பாலும் பத்து மீட்டருக்கு அங்கே இங்கேதான். இலைகள் தடித்து, பளபளத்து, நீரை எளிதில் விடாதவையாக இருக்கும். மரத்துக்கு மரம் தாவும் முரட்டுக் கொடிகள் இந்தக் காட்டின் தனி அடையாளம்.

வயலுக்கும் விறகுக்கும் ஊருக்கும் சாலைக்கும் இந்தக் காடு போய்விட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் ஐயனாரும் அம்மனும் குடியிருக்கும் கோயில்காடுகள். சாமிக்குச் சொந்தமான மரத்தில் கை வைக்கக்கூடாது என்ற பயமும் பக்தியும் காத்துக் கொடுத்தவை அவை.

இந்தக் காட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் புதுவைக்குப் பெரும்பங்கு உண்டு. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973-இல் கோடியக்கரை, மரக்காணம் பகுதிகளின் உலர் பசுமைமாறாக் காடுகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதே நிறுவனத்தில் பணியாற்றிய மெஹெர்-ஹோம்ஜி இந்தக் காட்டின் தோற்றத்தை ஆராய்ந்தார். காலாப்பட்டில் 1985-இல் எழுந்த புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990-களில் புத்துப்பட்டுக் காட்டின் மரங்களையும் பெருங்கொடிகளையும் கணக்கெடுத்தார்கள். நீங்கள் நடக்கப்போவது கோயில்காடு மட்டுமல்ல, அறிவியல் நூல்களில் பெயர் பதிந்த காடும்கூட.

எப்படிப் போவது

புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் போகும் சாதாரணப் பேருந்தில் ஏறுங்கள். சென்னை விரைவுப் பேருந்துகள் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை. ஏறுமுன் நடத்துநரிடம் "புத்துப்பட்டு ஐயனார் கோயில்ல நிக்குமாண்ணே?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் பொழுது விடியுமுன் கிளம்பினால் லாரி நெருக்கடியிலிருந்து தப்பலாம்.

வழியில் எல்லைகளைக் கவனியுங்கள். முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் கடந்ததும் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்ட எல்லை இன்னும் அப்படியே இருக்கிறது. நடைக்கு இதில் ஒரு நடைமுறைப் பொருளும் உண்டு: நகரம் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது, காடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அவசரம் என்று யாரையாவது அழைக்க நேர்ந்தால் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கூடவே உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, விரல் மூடிய காலணி. முள்ளுக்கும் எறும்புக்கும் இதுதான் காப்பு. கோயில் எல்லையில் காலணியைக் கழற்றச் சொன்னால் மறுப்பில்லாமல் கழற்றுங்கள். துப்புரவாக இருக்கும் பாதையில் மட்டும் வெறுங்காலுடன் நடங்கள்.

தொப்பி அல்லது துண்டு. ஒரு பூதக்கண்ணாடி. இந்தக் காட்டின் பூக்கள் பெரும்பாலும் சிறியவை. கண்ணாடி இல்லாமல் பாதி அழகைத் தவறவிடுவீர்கள். பைனாகுலர் இருந்தால் மரத்தின் உச்சியில் பூத்திருப்பதையும் பார்க்கலாம்.

குறிப்பேடு, பென்சில். கைப்பேசியில் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இருந்தால் பெயர் கண்டுபிடிக்க உதவும். பூவை மட்டும் படமெடுத்தால் போதாது. இலையின் மேல்புறம், அடிப்புறம், பட்டை, முழு மரம் எல்லாவற்றையும் எடுங்கள். இலை எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு துணிப்பை.

காலை 6 மணி: காட்டுக்குள்

முதலில் கோயிலுக்குப் போங்கள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். ஆனால் காடு அவருடையது என்று ஊர் நம்புகிறது. பூசாரியையோ அங்கிருக்கும் பெரியவரையோ பார்த்து, "ஐயா, பூ பாக்க வந்திருக்கோம், எதையும் பறிக்க மாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். பல சமயம் எந்த மரம் பூத்திருக்கிறது என்பதையும் சொல்வார்கள்.

உள்ளே போனதும் உடனே நடக்காதீர்கள். கொஞ்ச நேரம் நின்று மூச்சை இழுங்கள். இங்கே பூவைக் கண்ணுக்கு முன்பே மூக்கு கண்டுபிடிக்கும். இந்தக் காட்டின் பூக்களில் பெரும்பாலானவை வெள்ளை, வெளிர்மஞ்சள் நிறத்தவை, சிறியவை, மணம் மிக்கவை. வண்டும் தேனீயும் அந்துப்பூச்சியும் மணத்தை வைத்தே தேடி வருகின்றன. நாமும் அப்படித்தான் தேட வேண்டும்.

*காயா.* இந்த நடையின் தலைமைப் பூ இதுதான். காசா என்றும் சொல்வார்கள். குட்டையான மரம், எதிரெதிர் இலை, தடித்த கரும்பச்சை. மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பூக்கும்போது இலை உதிர்ந்த பழைய கணுக்களில் எல்லாம் நீலமும் ஊதாவுமாகக் கொத்துகள் வெடித்துவரும். மரம் முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும். சில நாளில் கொட்டிவிடும். திருமாலின் நிறத்துக்குத் தமிழ்ப் புலவர்கள் தொன்றுதொட்டுச் சொல்லிவரும் காயாம்பூ இதுதான். பெயரைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பூவைப் பார்த்தவர்கள் அரிது.

ஒரு கொத்தின் முன் பூதக்கண்ணாடியுடன் உட்காருங்கள். ஒரு பூ சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதல்ல. காம்பும் புல்லிவட்டமும் இளஞ்சிவப்பு. நான்கு நீல இதழ்கள். நடுவே எட்டு மகரந்தத் தாள்கள், ஒவ்வொன்றின் தலையும் வளைந்து நிற்கும். மகரந்தம் எளிதில் உதிராமல் உள்ளே அடைபட்டிருக்கும். தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் அது வெளியே வரும். அந்த நேரத்தில் தேனீயின் ரீங்காரத்தின் சுருதி மாறும். காதைக் கொடுத்தால் கேட்கலாம். காயாவின் இலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அலுமினியச் சத்தைத் திரட்டிவைக்கும் இலை அது. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சாயவேர்ச் சிவப்பு துணியில் பிடித்து நிற்க இந்த இலையைச் சேர்த்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற துணிக்குப் பின்னால் இந்தக் குட்டை மரமும் நின்றது.

*அழிஞ்சில்.* இலை உதிர்ந்த முள்கிளைகளில் வெள்ளைப் பூ. இதழ்கள் நாடா மாதிரி நீண்டு பின்னால் சுருண்டிருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்கும். மணம் தூரத்திலிருந்தே வரும். கீழே விழுந்த விதை திரும்பவும் மரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்று அழிஞ்சிலைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. சமய இலக்கியங்களில் இறைவனை நாடும் உயிருக்கு இதை உவமை சொல்வார்கள். மார்ச் கடைசியில் போனால் பூ முடிந்து பிஞ்சு பிடித்திருக்கக்கூடும். அதையும் பாருங்கள்.

*ஆதொண்டை.* காட்டின் ஓரத்தில், வேலியில், வெயில் படும் இடத்தில் ஏறிக் கிடக்கும் முள்கொடி. வளைந்த முள் சட்டையைப் பிடித்தால் இழுக்காதீர்கள். ஓரடி பின்னால் போய்க் கழற்றுங்கள். பூ மலர்ந்தபோது வெள்ளை, பிறகு நாளாக நாளாக இளஞ்சிவப்பு. ஒரே கொடியில் இரு நிறமும் இருப்பதால் எது புதுப்பூ, எது பழையது என்று பார்த்தவுடன் சொல்லலாம். இழையிழையாக நீளும் மகரந்தத் தாள்கள்தான் பூவின் அழகு. இந்தக் கொடியைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் சுற்றினால் அவை முட்டையிட இடம் தேடுகின்றன என்று பொருள்.

*சுலுந்து.* நம் வீட்டு இட்லிப்பூவின் காட்டு உறவு. வெள்ளைப் பூக்கள் கொத்தாக நிற்கும், ஒவ்வொன்றும் நீண்ட குழல். மாலையில் மணம் கூடும். இதன் விறகு பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் காலத்தில் தீவட்டிக்குப் பயன்பட்டது.

*களா.* கிளா என்றும் சொல்வார்கள். மல்லிகையைச் சிறிதாக்கின வெள்ளைப் பூ, உடைத்தால் பால் வரும் கிளை, எதிரெதிராக நீளும் முள். வைகாசிக்குப் பின் கறுக்கும் பழத்தைத் தின்று வளர்ந்தவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள்.

*மோதிரக்கண்ணி.* பளிச்சென்ற மஞ்சள் பூ. ஒரு கோடை மழை தூறினால் பூத்துவிடும். பூ இல்லாவிட்டாலும் இக்கொடியை அடையாளம் காணலாம். சிறு கிளைகளின் அடியில் இரண்டிரண்டாகச் சுருண்ட கட்டையான கொக்கிகள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் மரத்தில் தொற்றி ஏறுகிறது. சட்டை பொத்தானளவு சுருண்டிருக்கும் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், பிடுங்காதீர்கள்.

*காட்டுமல்லிகை.* கடையில் முழம் போட்டு விற்கும் மல்லிகையைவிட ஒல்லியான இதழ்கள். எண்ணிக்கையும் கூடுதல். மொட்டில் வெளிப்புறம் சிவந்திருக்கும். தலையில் சூட யாரும் தொடுப்பதில்லை, காட்டுக்காகவே பூக்கிறது.

*வீரையும் பாலையும்.* பூவுக்காக அல்ல, காட்டை அறிந்துகொள்ள இவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். வீரையின் அடிமரம் பள்ளமும் மேடுமாக முறுக்கிக்கொண்டிருக்கும். உலக்கைப்பாலையின் பட்டை கருத்து வெடித்திருக்கும். இந்த இரண்டும் வளர்ந்து நிற்கும் இடத்தில் காடு பழையது என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றின் பூக்கள் சிறியவை, கண்ணில் படாதவை. கீழே உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து மேலே தேடுங்கள்.

காட்டிலிருந்து வெளியே வரும்போது ஊர்ப்புறத்தையும் ஏரிக்கரையையும் பாருங்கள். இலை இல்லாமல் வெண்ணிறப் பூவோடும் ஊதா நிறத்தில் நீளும் மகரந்தத் தாள்களோடும் நிற்பது மாவிலங்கம். புங்கமரத்தடியில் பொரி இறைத்தாற்போலப் பூ கொட்டிக் கிடக்கும். விடியுமுன் உதிரும் இலுப்பைப்பூவை வாயில் போட்டால் இனிக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொன்னவர்கள் தின்றுபார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

பூனைக்காலி. இந்தப் பருவத்தில் காய் முற்றிப் பழுப்பு நிறத்தில் வெல்வெட்டாகத் தொங்கும். தொட ஆசை வரும். தொட்டால் அதன் ரோமம் தோலில் ஏறி, தாங்க முடியாமல் அரிக்கும். காற்றடித்தாலே உதிரும் என்பதால் கொடிக்குக் கீழேயும் நிற்காதீர்கள். பட்டுவிட்டால் கையால் தேய்க்கக்கூடாது. ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்துவிட்டு, பிறகு தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போங்கள்.

குன்றிமணி. சிவப்பும் கறுப்புமான விதையைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். கடித்து மென்றால் கொடிய நஞ்சு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது.

பாம்பு. சருகுக்கடியிலும் புற்றருகிலும் கை வைக்காதீர்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், விழுந்த மரத்தைத் தாண்டாமல் அதன்மேல் ஏறி அப்பால் பார்த்துவிட்டு இறங்குங்கள். கடித்தால் கட்டு இறுக்கிப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் ஆபத்து. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயில். 9.30 மணிக்குள் காட்டு நடையை முடித்துவிடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு சூடேறும். தலை சுற்றினால் உடனே நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வியர்வை நின்றால் அது ஆபத்து, உடம்பை நனைத்துக் குளிர்வித்து 108-ஐ அழையுங்கள். வழியில் இளநீர் கிடைக்கும். சித்திரை வந்தால் நுங்கும் கிடைக்கும்.

முற்பகல்: நகரத்துத் தாவரவியல் பூங்கா

நகரம் திரும்பிச் சிற்றுண்டி முடித்து, தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1826-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய தோட்டம் இது. அதற்குச் சற்று முன், 1816-இல் புதுச்சேரி வந்திறங்கிய தாவரவியலாளர் லெஷெனோ தென்னிந்தியாவெங்கும் சுற்றித் தாவரங்களைத் திரட்டினார். பின்னர் வந்த பெரொத்தே நீலகிரித் தாவரங்களையும் ஆராய்ந்தவர். புதுச்சேரித் தோட்டத்தோடு வாழ்ந்து, 1870-இல் இந்த ஊரிலேயே இறந்தார். வெளிநாட்டுப் பயிர்கள் இந்த மண்ணில் வளருமா என்று சோதித்துப் பார்க்கும் களமாகவும் இந்தத் தோட்டம் இருந்தது.

காலையில் பார்த்த காட்டையும் இந்தத் தோட்டத்தையும் மனத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே செய்ய வேண்டியது. நாகலிங்க மரத்தின் முன் நில்லுங்கள். பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலிருந்தே நேராகக் கிளம்பும். உள்ளே வளைந்து மூடிய பகுதியில் நாகபடத்தையும் நடுவில் லிங்கத்தையும் நம் மக்கள் கண்டுகொண்டார்கள். எங்கிருந்தோ வந்த மரத்தைச் சிவன்கோயில் மரமாக ஆக்கிக்கொண்டார்கள். வந்ததை ஏற்றுக்கொள்ளும் மனம் நமக்கு எப்போதும் உண்டு. இருப்பதை மறக்காமல் இருக்கும் மனமும் வேண்டும். காயாவையும் அழிஞ்சிலையும் பெயர் சொல்லத் தெரியாத ஊரில் நாகலிங்கத்தை மட்டும் கொண்டாடுவது பாதிக் கொண்டாட்டம்தான்.

பகல் 12 முதல் 3.30 வரை ஓய்வெடுங்கள். அந்த நேரத்தில் பூவும் வாடியிருக்கும், பார்க்கிறவரும் வாடிப்போவார்.

மாலை: செம்மண் ஓடைகள்

நான்கு மணிக்குப் பொம்மையார்பாளையம் பக்கம் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஆரோவில் மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மழைநீர் செம்மண்ணை அறுத்து அறுத்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது. மரம் போனால் மண் என்ன ஆகும் என்பதை இந்த ஓடைகள் கண்ணெதிரே காட்டுகின்றன. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் பெரும்பாலும் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. வரப்பு போட்டு நீரை நிறுத்தி, மரம் நட்டு, இன்று அங்கே காடு எழுந்திருக்கிறது. பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் கோயில்காட்டின் சொந்த மரங்களை விதையிலிருந்து வளர்த்துத் திரும்ப நடுகிறார்கள்.

மாலை வெயிலில் ஆவாரை பொன்னாக மின்னும். ஓடையின் ஓரத்தில் கொள்ளுக்காய்வேளையின் ஊதாப் பூ தரையோடு கிடக்கும். முந்திரித் தோப்பில் கடைசிப் பூக்கள் வெளிறிய நிறத்திலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டிருக்கும். தோப்புகள் தனியாருடையவை, கேட்டுவிட்டுப் போங்கள். ஓடையின் விளிம்பில் நிற்காதீர்கள். செம்மண் அடியில் குடைந்திருக்கும், திடீரென்று சரியும். மழை பெய்தால் உள்ளே இறங்கவே கூடாது.

நேரம் மிச்சம் இருந்து கடற்கரைப் பூவையும் பார்க்க விரும்பினால், நகரத்துக்குத் தெற்கே சின்னவீராம்பட்டினம் மணலில் அடும்பங்கொடி ஊதாச் சிவப்பில் பூத்திருக்கும். வடக்கே பல இடங்களில் அது இருக்க மணலே இல்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலோரம் வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதால், அந்தப் பக்கக் கரை அரிக்கப்பட்டுக் கருங்கல் கொட்டப்பட்டிருக்கிறது. மணலைப் பிடித்து நிறுத்துவது அடும்பு. மணல் போனால் அடும்பும் போகும்.

நாளின் ஒழுங்கு

காலை 5.15: நகரத்திலிருந்து கிளம்புதல்.
6.00–9.30: கீழ்ப்புத்துப்பட்டு கோயில்காடு.
10.30–12.00: தாவரவியல் பூங்கா.
12.00–3.30: உணவு, ஓய்வு.
4.00–6.00: செம்மண் ஓடைகள்.

நாள் முழுதும் முடியாதவர்கள் காலை நடையை மட்டும் செய்தால் போதும். மற்றவற்றை விட்டாலும் காட்டை விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

கோயில்காடு பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வேண்டுதலுக்கு வருகிற கூட்டம் பொங்கல் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, தட்டையும் தம்ளரையும் பிளாஸ்டிக் பையையும் விட்டுப் போகிறது. கோயில் விரிவடைய விரிவடையச் சிமெண்ட் தரை காட்டுக்குள் நுழைகிறது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஓரத்து மரங்கள் போகின்றன. 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் இந்தக் கரையெங்கும் மரங்கள் சாய்ந்தன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறி வரலாறு காணாத மழையைக் கொட்டியது. புயலில் சாய்ந்த காடு தானே எழும். சிமெண்ட் போட்ட காடு எழாது.

நீங்கள் செய்யக்கூடியது உண்டு. பூ பறிக்காதீர்கள், செடி பிடுங்காதீர்கள், விதைகூட எடுக்காதீர்கள். காயா, மகிழம், வீரை போன்ற மரக்கன்றுகள் வேண்டுமானால் உள்நாட்டு மரங்களை வளர்க்கும் நாற்றங்கால்களில் கேட்டு வாங்கி, ஊர்ப் பொது இடத்திலோ பள்ளி வளாகத்திலோ நடுங்கள். வீட்டுப் பக்கத்தில் நிற்கும் புங்கத்தையோ வேம்பையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதிவையுங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுவதும் பொதுமக்களிடமிருந்து இப்படிப்பட்ட குறிப்புகளைத் திரட்டுகிறது. பருவம் மாறுகிறதா என்பதை அறிய விஞ்ஞானிகளுக்கு உங்கள் குறிப்பு தேவை.

அடுத்த பங்குனியில் மறுபடியும் போங்கள். அந்த முறை ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காயாவின் முன் அவர்களை உட்காரவைத்துக் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். இத்தனை நாள் இந்தக் காட்டை ஐயனார் மீதிருந்த பயம் காத்தது. இனி அதைக் காக்க அதன் மரங்களைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் வேண்டும்.